ஏறு, சரசா

எங்கள் பக்கத்தில் மலை கிடையாது. அம்பத்தூரில் ஆரம்பித்து ஆவடி, பாரிவாக்கம், பூந்தமல்லி என்று எங்கே சுற்றினாலும் தட்டில் ஊற்றிய கூழ் மாதிரி தரை ஒரே மட்டம்தான். மழை பெய்தால் எந்தப் பக்கம் ஓடுவது என்று தண்ணீருக்கே தெரியாமல் எங்கள் தெருவில் நாலு நாள் நின்று யோசிக்கும். இங்கேயே பிறந்து இங்கேயே வாழ்க்கைப்பட்ட நான், ஐம்பத்தேழு வயதில், மறுபடியும் மலை மேல் இருபத்தோரு கிலோமீட்டர் ஓடப்போகிறேன் என்று சொன்னபோது என் வீட்டுக்காரர் சம்பந்தம் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால்கூடப் பரவாயில்லை. எழுந்துபோய் என் முட்டிக்குத் தடவும் தைலத்தை எடுத்துவந்து என் முன்னால் வைத்தார்.

அவர் பயத்துக்குக் காரணம் உண்டு. போன வருடமும் இதே மலைக்குத்தான் போனேன். வேலூர் தாண்டி உள்ளே போகவேண்டும். அன்றைக்கு ஒரே மூடுபனி, மலையையே பார்க்கவில்லை. கால்வாசி தூரத்தில் வாந்தி வந்து, கண் இருட்டி, ரோட்டோரம் உட்கார்ந்துவிட்டேன். பின்னால் வந்த வேனில் என்னைத் தூக்கிப் போட்டுக்கொண்டார்கள்.

அந்த வேனைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். இந்த மாதிரி ஓட்டங்களில் கடைசி ஆளுக்குப் பின்னால் ஒரு வண்டி ஊர்ந்து வரும். முடியாதவர்களை ஏற்றிக்கொள்ளும். அது உங்களை முந்திவிட்டால் உங்கள் ஓட்டம் அத்தோடு சரி. நீங்கள் அதில் ஏறித்தான் ஆகவேண்டும், மெடலும் கிடையாது. எங்கள் ஓட்டக் குழுவில் இருக்கும் திவ்யா அதற்கு ஸ்டைலாக ஏதோ ஒரு பெயர் சொல்வாள். நான் நாய் வண்டி என்பேன். தெருவில் திரிகிறதை எல்லாம் பிடித்துப் போட்டுக்கொண்டு போகிறதே, வேறு என்னவென்று சொல்வது?

அந்த வண்டியில் மயங்கிக் கிடந்த என்னைப் பார்த்ததிலிருந்து சம்பந்தத்துக்குத் தூக்கம் போயிற்று. இந்த வருடம் என்னிடம் சத்தியம் வாங்கிக்கொண்டார்.

"இந்த வாட்டியும் வண்டில ஏறினன்னு வெச்சுக்கோ, இத்தோட ஓட்டத்தை வுட்டுடணும். ஷூவைத் தூக்கி எவளுக்குனா குடுத்துடணும். சரின்னா கையடி."

"ஏறலைன்னா?"

"ஏறலைன்னா நான் இன்னா சொல்றது. நீ தொண்ணூறு வயசுல ஓடினாலும் வாயத் தொறக்க மாட்டேன்."

கையடித்துக் கொடுத்தேன். 

நான் ஓட ஆரம்பித்தது பெரிய கதை ஒன்றும் இல்லை. சர்க்கரை வந்தது. டாக்டர் நடக்கச் சொன்னார். பாரிவாக்கம் ஏரிக்கரையில் நடந்தேன். ஒரு நாள் நாய் துரத்தியது, ஓடினேன். நாய் நின்றுவிட்டது, நான் நிற்கவில்லை. ஓடுகிறவளை யாராலும் கூப்பிட முடியாது என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன். வீட்டில் சரசா, பூந்தமல்லியில் எங்கள் எலக்ட்ரிகல் கடைக்குப் போனால் சரசாக்கா, போனை எடுத்தால் அம்மா. சாவி எங்கே, பில் புக் எங்கே, டார்ச்சுக்குப் பேட்டரி எங்கே. முப்பது வருடமாக எல்லாப் பொருளும் எங்கே இருக்கிறது என்று தெரிந்தவள் நான் ஒருத்திதான். ஓடுகிற அந்த ஒரு மணி நேரம் மட்டும் நான் எங்கே இருக்கிறேன் என்று யாருக்கும் தெரியாது. அதைத்தான் கையடித்துப் பந்தயம் வைத்திருந்தேன்.

பயிற்சிக்கு மலை வேண்டுமே. பைபாஸ் மேம்பாலம்தான் மலை. திவ்யா கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்க்கிறவள், கோயம்புத்தூர்ப் பெண். எங்கள் பழைய வயலில் எழும்பின அடுக்குமாடியில் நாலாவது மாடியில் குடியிருக்கிறாள். அவளும் நானும் விடிகாலையில் மேம்பாலத்தில் ஏறுவோம், இறங்குவோம், திரும்ப ஏறுவோம். எதையோ தொலைத்துவிட்டுத் தேடுகிறோம் என்று டீக்கடைக்காரர் நினைத்துக்கொண்டிருந்தார். அந்த நேரத்தில் கம்பெனி பஸ்கள் வரிசையாகப் பாலத்தில் முனகிக்கொண்டு ஏறும். ஜன்னலோரம் எல்லாம் வயசுப் பெண்கள், கண்ணாடியில் தலை இடிக்க இடிக்கத் தூங்கிக்கொண்டே போவார்கள். எந்தெந்த ஊர்ப் பிள்ளைகளோ. பூந்தமல்லி ஹாஸ்டல்களில் தங்கி, ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் வேலைக்குப் போகிறவர்கள். அவர்களில் யாரும் எங்களைப் பார்த்ததில்லை.

ஓட்டம் ஆடி மாதத்து ஒரு ஞாயிற்றுக்கிழமையில் வந்தது. எல்லாருக்கும் மஞ்சள் நிறத்தில் பனியன் கொடுத்தார்கள். நான் வழக்கம் போல இரண்டு முட்டிக்கும் கணுக்காலுக்கும் மஞ்சள் பத்துப் போட்டுக்கொண்டு வந்திருந்தேன். திவ்யா என்னைப் பார்த்துவிட்டு, "ஆன்ட்டி, தலை முதல் கால் வரைக்கும் மேட்சிங்" என்றாள்.

வெளிச்சம் வந்தது. நான் மலையைப் பார்த்தேன்.

என்ன சொல்வேன். வாய் திறந்தது, மூடவே இல்லை. போன வருடம் இது இங்கேதான் இருந்ததா? இத்தனை பெரிய ஒன்று, யாருக்கும் ஒரு வார்த்தை சொல்லாமல், பனிக்குப் பின்னால் சும்மா நின்றுகொண்டிருந்ததா? அண்ணாந்து பார்த்தேன். உச்சி என்று நினைத்த இடத்துக்கு மேலே இன்னொன்று இருந்தது. ரோடு அதன் மேல் நாடா மாதிரி வளைந்து வளைந்து போய் மேகத்துக்குள் காணாமல் போயிற்று. அந்த மலைக்கு நான் ஒரு பொருட்டே இல்லை. அது ஏனோ எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது. கை தானாகத் தலைக்கு மேலே போய்விட்டது.

"ஸ்ட்ரெட்ச் பண்றீங்களா ஆன்ட்டி?" என்றாள் திவ்யா.

"ஆமாம்மா" என்றேன்.

நாய் வண்டி அங்கேயே நின்றிருந்தது. ஆவடியிலிருந்து வாடகைக்கு வந்த வேன், மேலே சிவப்பு விளக்கு வைத்திருந்தார்கள். டிரைவர் வேம்புலி. முன் சீட்டில் யார் என்று பார்த்தால், சம்பந்தம். வேம்புலியும் நம் பக்கத்து ஆள் என்று தெரிந்ததும் டீ வாங்கிக் கொடுத்துச் சிநேகம் பிடித்து ஏறி உட்கார்ந்துவிட்டார்.

"இன்னாங்க, இறங்குங்க. அது முடியாதவங்களுக்கு."

"உனக்குத்தான் சீட்டுப் புடிச்சு வெச்சுகினு கீறேன்" என்றார்.

ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. ஊரார் எதிரில் 'வாங்க, போங்க' என்றுதான் பேசுவேன். அன்றைக்கு, "யோவ், நீயே படுத்துக்கினு வா" என்று சொல்லிவிட்டு ஓட்டம் தொடங்கும் கோட்டுக்குப் போனேன்.

முதல் சில வளைவுகள் வரை என்னைச் சுற்றி ஆட்கள் இருந்தார்கள். பிறகு ஒவ்வொருவராக முன்னால் போனார்கள். திவ்யாவையும் நான்தான் போகச் சொன்னேன். என்னோடு நடந்தால் அவளும் நாய் வண்டிதான். கடைசியில் ரோடும் நானும் மட்டும் மிஞ்சினோம். ஓட்டம் என்று அதைச் சொல்லமுடியாது. குதிகால் தரையில் படாத ஒரு நடை, அவ்வளவுதான். மேம்பாலத்தில் ஏறினால் கொஞ்ச நேரத்தில் இறக்கம் வந்துவிடும். என் காலுக்கு அந்தக் கணக்குத்தான் தெரியும். ஒவ்வொரு வளைவிலும் அது இறக்கத்தை எதிர்பார்த்தது. ஒவ்வொரு வளைவிலும் ஏமாந்தது. ஒரு கொண்டை ஊசி வளைவில் என் தலை கிளிப் தெறித்து விழுந்தது. குனிந்தால் நிமிரமாட்டேன் என்று தெரிந்ததால் அப்படியே விட்டேன். முடி அவிழ்ந்து முதுகெல்லாம் ஒட்டியது.

இன்னொரு வளைவில் கீழே எட்டிப் பார்த்தேன். காலையில் நாங்கள் நின்ற இடம் எங்கே என்றே கண்டுபிடிக்க முடியவில்லை. வயல்கள், ஏரிகள், அதற்கு அப்பால் புகை மாதிரி ஏதோ. ஒரு பருந்து எனக்குக் கீழே பறந்துகொண்டிருந்தது. பருந்தின் முதுகை நான் அதுவரை பார்த்ததே இல்லை. இவ்வளவு உயரம் இந்தக் காலா என்னைத் தூக்கிக்கொண்டு வந்தது என்று குனிந்து என் காலையே பார்த்தேன். பயமாகவும் இருந்தது, அழுகையாகவும் வந்தது.

அப்போதுதான் பின்னால் இன்ஜின் சத்தம் கேட்டது.

"சரசா! மூஞ்சி வெளுத்துப்போய் கீது மே. ஏறு!"

திரும்பவில்லை.

"பேஜாரு பண்ணாத மே. போதும். இம்மாந்தூரம் வந்ததே பெருசு. ஏறு, சரசா, ஏறு!"

வண்டி என் நிழலை மிதித்துக்கொண்டு வந்தது. ஜன்னல் வழியாகப் பாதி உடம்பை வெளியே நீட்டிக்கொண்டு அவர் கத்திக்கொண்டே இருந்தார். ஏறு. வளைவு. ஏறு. வளைவு. கொஞ்ச நேரத்துக்குப் பிறகு என் மண்டைக்குள் வேறு ஒரு வார்த்தையும் இல்லை. என் மூச்சே அப்படித்தான் போய் வந்தது. வண்டியின் மூக்கு என் முழங்கைக்குப் பக்கத்தில் வந்துவிட்டது. இன்னும் நாலு முழம்தான். அது தாண்டினால் ஏரிக்கரையும் போச்சு, மேம்பாலமும் போச்சு, எனக்கென்று இருக்கிற அந்த ஒரு மணி நேரமும் போச்சு. கால் கேட்கவில்லை. உண்மையைச் சொல்கிறேன், கை வண்டிக் கதவுப் பக்கம் போகத் தொடங்கியது.

அந்த நேரத்தில் பம்பைச் சத்தம் கேட்டது.

ஓட்டக்காரர்களை உற்சாகப்படுத்த இப்படி மேளம் வைப்பார்கள். அப்படித்தான் இருக்கும் என்று நினைத்தேன். வளைவு திரும்பியது. ஒரு சின்ன ஊர். ரோட்டின் இரண்டு பக்கமும் வேப்பிலைத் தோரணம். பெண்கள் மஞ்சள் சீலை கட்டி, இடுப்பில் குடத்தோடு வரிசையாக நின்றிருந்தார்கள். ஆடித் திருவிழா. கீழ் ஊரிலிருந்து சாமி எடுத்து வருகிற கரகத்துக்காகக் காத்திருக்கிறார்கள் என்பதெல்லாம் எனக்குப் பிறகு தெரிந்தது. முன்னால் ஓடினவர்கள் எல்லாம் இவர்கள் ரோட்டுக்கு வருவதற்கு முன்பே கடந்து போயிருந்தார்கள்.

நான் எப்படி இருந்திருப்பேன்? அவிழ்ந்த தலை. மஞ்சள் துணி. மஞ்சள் கால். சொருகின கண். பின்னால் சிவப்பு விளக்குப் போட்டுக்கொண்டு மரியாதையாக ஊர்ந்துவரும் ஒரு வண்டி.

"ஆத்தா வந்துட்டாடீ!"

குலவை எழுந்தது. எனக்கு முடி சிலிர்த்துக்கொண்டது. முதல் குடம் என் காலில் கவிழ்ந்தது. ஷூவை மட்டும் நனைத்துவிடாதீர்கள், கொப்புளம் வரும் என்று திவ்யா ஆயிரம் முறை சொல்லியிருந்தாள். மஞ்சள் கரைத்த சுனைத் தண்ணீர். எரிந்துகொண்டிருந்த இரண்டு பாதத்துக்குள்ளும் அது சில்லென்று இறங்கியது. அடுத்த குடம். அதற்கடுத்த குடம். யாரோ நெற்றி நிறையக் குங்குமம் அப்பினார்கள். யாரோ கையில் வேப்பிலைக் கொத்தைத் திணித்தார்கள். என்னைவிட மூத்த ஒரு கிழவர் தரையில் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார். அம்மா, நான் சாமி இல்லை, எனக்கு ஊர் பாரிவாக்கம், எலக்ட்ரிகல் கடை வைத்திருக்கிறோம் என்று சொல்ல வாயைத் திறந்தேன். காற்றுதான் வந்தது.

ஒரு அம்மாள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து என் இரண்டு காலையும் கட்டிக்கொண்டாள். பெயர் பூங்காவனம் என்று பிறகு தெரிந்துகொண்டேன். பின்னால் அவள் மகள், பத்தொன்பது இருபது வயது இருக்கும், காலிக் குடத்தோடு நின்றிருந்தாள்.

"ஆத்தா, எங்கூட்டு ஆளு போயிட்டாரு. இருக்கிறது இது ஒண்ணுதான். கீழ பூந்தமல்லியில தங்கிக்கலாம், கம்பெனி வேலைன்னு கூப்புடறாங்க. நாளைக்கு பஸ்சு வருது. போறேன்னு ஒத்தக்கால்ல நிக்குது. எனக்கு ஈரக்கொலை நடுங்குது. அனுப்பட்டுமா, வேணாமா? ஒரு வாக்கு குடு தாயி!"

பம்பை நின்றது. எல்லாரும் என் வாயைப் பார்த்தார்கள். பூந்தமல்லி என்ற சொல்லைக் கேட்டதும் எனக்கு அந்த பஸ் கண்ணாடிகளும் அதில் இடிக்கிற தலைகளும் வந்துபோயின. நல்லதா கெட்டதா, எனக்கு என்ன தெரியும்? ஏதாவது சொல்லி விடுபடவேண்டும், மூச்சு வாங்கவேண்டும். மண்டைக்குள் தேடினால் அங்கே ஒரே ஒரு வார்த்தைதான் இருந்தது.

"ஏ...று" என்றேன்.

என் குரல் மாதிரியே இல்லை அது. அடிவயிற்றிலிருந்து யாரோ பேசின மாதிரி இருந்தது.

"ஏறச் சொல்லிட்டா! ஆத்தா பஸ் ஏறச் சொல்லிட்டா!" பூங்காவனம் அலறிக்கொண்டே மகளைக் கட்டிக்கொண்டாள். குலவை மறுபடி எழுந்து மலையில் மோதித் திரும்பி வந்தது. அந்தப் பெண் அழவில்லை. நெஞ்சில் குத்தியிருந்த என் நம்பர் அட்டையைப் பார்த்தாள். என் ஷூவைப் பார்த்தாள். பிறகு என் கண்ணைப் பார்த்தாள். 

வழி விட்டார்கள். நான் நடந்தேன். ஈரக்கால் என்னைத் தூக்கிக்கொண்டு போயிற்று என்றுதான் சொல்லவேண்டும். பின்னால் ஊரே ரோட்டை அடைத்துக்கொண்டு வந்தது. பம்பை வந்தது. வண்டியின் சத்தத்தை மட்டும் காணோம்.

ஊர் எல்லையில் ஒரு வேப்பமரம். அதைத் தாண்டி அவர்கள் வரவில்லை. கற்பூரம் கொளுத்திக் கும்பிட்டுவிட்டு நின்றுகொண்டார்கள். அதற்கு மேல் ரோடு இன்னும் செங்குத்தாக ஏறியது. அதுதான் கடைசி ஏற்றம். உச்சியில் ஒரு பள்ளிக்கூட மைதானம், அங்கே முடிவுக்கோடு. ஈரம் காயக் காய வலி திரும்பி வந்தது. இரண்டு முறை நின்றேன். மூன்றாவது முறை நின்றபோது, இனி அசைய முடியாது என்றே நினைத்தேன்.

"ஏறு, சரசா!"

அதே குரல். அதே வார்த்தை. எரிச்சலோடு திரும்பினேன். சம்பந்தம். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, தொந்தி குலுங்க, வாய் பிளந்து மூச்சு வாங்கிக்கொண்டு ஓடி வந்துகொண்டிருந்தார். நெற்றியில் யாரோ பூசிவிட்ட விபூதி. வீட்டிலிருந்து கடைக்குக்கூட நடக்காத மனிதர். அவருக்குப் பின்னால் ரோடு வெறிச்சோடிக் கிடந்தது. வண்டி எங்கோ கீழே, ஊருக்குள் மாட்டிக்கொண்டிருந்தது. ஏறுவதற்கு அங்கே மலையைத் தவிர வேறு எதுவும் இல்லை.

"ஏறு மே! ஏறு! இன்னும் கொஞ்சம்தான் கீது, ஏறு!"

ஏறினேன். அவர் பக்கத்தில் வரவில்லை. நாலடி பின்னாலேயே வந்தார். மைதானத்துக்குள் நுழைந்தபோது பந்தலைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். திவ்யா மட்டும் கோட்டில் நின்று தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தாள். என் நெற்றியையும் வேப்பிலையையும் பார்த்ததும் கத்துவதை நிறுத்திவிட்டு, "ஆன்ட்டி, வழியில என்னாச்சு?" என்றாள்.

"அப்புறம் சொல்றேன். வண்டி வந்துச்சா?"

"இன்னும் வரலை ஆன்ட்டி."

அப்படியென்றால் நான் முடித்துவிட்டேன். மெடலை என் கழுத்தில் போட்டாள். நான் தரையில் உட்கார்ந்து, புழுதியில் கை ஊன்றி, வெட்கமில்லாமல் அழுதேன். கீழே அந்த மலை முழுக்க வெயிலில் கிடந்தது. அதற்கு அப்போதும் நான் ஒரு பொருட்டு இல்லை. ஆனாலும் என்னைத் தன் தலை மேல் உட்கார விட்டிருந்தது.

வண்டி நிதானமாக வந்து சேர்ந்தது. நடத்துகிறவர்களில் ஒரு பையன், "ஏன் இவ்வளவு லேட்? நீங்க அவங்களை எப்பவோ தாண்டியிருக்கணுமே?" என்று வேம்புலியிடம் எகிறினான்.

"நல்லா கேட்டீங்க சார். சாமிய முந்திக்கினு போச்சொல்ல பிரேக்கு புடிக்கலைன்னா, நீங்களா வருவீங்க?" என்றார் வேம்புலி.

நான் சம்பந்தத்தின் காலைப் பார்த்தேன். வெறுங்கால். குதிகாலில் கல் குத்தி ரத்தம்.

"செருப்பு எங்க?"

"வண்டில கீது."

"எதுக்கு அவுத்தீங்க? அவங்கதான் தெரியாம சாமின்னாங்க. உங்களுக்குமா தெரியாது?"

அவர் என்னைப் பார்க்காமல் மலையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "எனக்குத் தெரியும், சரசாதான்னு. தெரிஞ்சுதான் அவுத்தேன்." பிறகு வேன் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு, "இப்பவாவது ஏறேன் மே" என்றார்.

ஏறினேன். ஆனால் உட்கார்ந்த பிறகு மனது குடைய ஆரம்பித்தது. மூச்சு வாங்க முடியாமல் நான் உளறின ஒரு வார்த்தையை நம்பி ஒரு தாய் தன் ஒரே பெண்ணை முன்பின் தெரியாத ஊருக்கு அனுப்பப்போகிறாள்.  "நிறுத்துங்க, நான் போய் உண்மையைச் சொல்லிட்டு வந்துடறேன்" என்றேன். வேம்புலி அந்த ஊரில் வண்டியை நிறுத்தினார்.

தலையை முடிந்துகொண்டு, முகம் கழுவி, மேலே ஒரு துப்பட்டாவைப் போட்டுக்கொண்டிருந்தேன். பூங்காவனம் பந்தலில் கூழ் ஊற்றிக்கொண்டிருந்தாள். நேரே அவள் முன்னால் போய் நின்றேன்.

"வாங்கம்மா, கூழ் குடிங்க. எந்த ஊரு?" என்றாள்.

எனக்குத் திக்கென்றது. "காலையில..." என்று ஆரம்பித்தேன்.

"காலையில வந்திருக்கக் கூடாதாம்மா நீங்க! ஆத்தா வந்தா. மஞ்சப் பட்டு கட்டிக்கிட்டு, தலைய விரிச்சுப் போட்டுக்கிட்டு, இந்தப் பந்தக்கால் ஒசரம் இருந்தா. கண்ணு ரெண்டும் தணலு மாதிரி. எம் பொண்ணுக்கு வாக்கு குடுத்தா. பத்து வருசமா நான் கேக்காத நாளில்ல, இன்னிக்குத்தான் வாயத் தொறந்தா."

நான் ஐந்தடிகூட இல்லை. "இப்ப எங்க அவங்க?" என்று கேட்டேன். வேறு என்ன கேட்பது என்று தெரியவில்லை.

"மலையேறிட்டாம்மா" என்றாள் பூங்காவனம், கும்பிட்டுக்கொண்டே.

அவள் சொன்னது எல்லா வகையிலும் உண்மைதான். நான் யாரை இல்லை என்று சொல்வேன்? அவள் பார்த்தவளை நானே பார்த்ததில்லை. பார்க்கக் கொடுத்துவைத்தவள் அவள்தான். சொல்ல வந்ததை அப்படியே விழுங்கிவிட்டு, "நாங்களும் பூந்தமல்லிப் பக்கம்தான். உங்க பொண்ணு அங்க வந்தா எங்க கடைக்கு வரச் சொல்லுங்க. நான் பார்த்துக்கிறேன்" என்று மட்டும் சொன்னேன். அதில் பொய் ஒன்றும் இல்லை. அவள் மகள் கூழ்ச் சொம்பை நீட்டினாள். பார்வை என் ஷூவில் இருந்தது. மஞ்சள் கறை இன்னும் போகவில்லை. பெயர் கேட்டேன்.

"ஜெயப்பிரியா" என்றாள். 

சம்பந்தம் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். ஷூவை அவரே துவைத்து மாடியில் காயவைத்தார். ஆனால் எனக்கு நிம்மதி இல்லை. ஆடி போய் ஆவணி வந்தது. கடை வாசலில் நிழல் விழுந்தால் எட்டிப் பார்ப்பேன். அவள் வரவில்லை. ஏறினாளோ, இல்லையோ. ஏறி, என்ன ஆனாளோ. மேம்பாலத்தில் ஓடும்போது ஒவ்வொரு பஸ் ஜன்னலையும் பார்த்தேன். எல்லாம் தூங்குகிற தலைகள்.

ஒரு நாள் திவ்யா ஊரில் இல்லை. தனியாகப் பாலத்தில் ஏறிக்கொண்டிருந்தேன். முட்டி வலி, மனதும் சரியில்லை. பாதி ஏற்றத்தில் நடக்க ஆரம்பித்துவிட்டேன். ஒரு கம்பெனி பஸ் முனகிக்கொண்டு என்னைத் தாண்டியது. சட்டென்று அதன் கண்ணாடி ஒன்று திறந்தது. பாதி உடம்பை வெளியே நீட்டிக்கொண்டு ஒரு பெண். கழுத்தில் கம்பெனி அட்டை, தலையில் கனகாம்பரம்.

"ஆத்தா!"

அவள் சிரித்துக்கொண்டிருந்தாள். அந்த ஊரில் நான் அந்தச் சிரிப்பைப் பார்க்கவே இல்லை. கையைத் தூக்கி ஆட்டினேன். அவள் பஸ் போகிற வேகத்துக்கும் கேட்கும்படி, அந்தப் பாலம் முழுக்க, கைதட்டிக்கொண்டு கத்தினாள்:

"ஏறு ஆத்தா, ஏறு!"

தூங்கிக்கொண்டிருந்த தலைகள் எல்லாம் நிமிர்ந்தன. விஷயம் என்னவென்று தெரியாமலே இன்னும் நாலு கண்ணாடிகள் திறந்தன. ஏறு, ஏறு என்று பஸ்ஸே கத்தியது.

ஏறினேன்.